அரிசிக்குள் இருந்த குழந்தை

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. குடில் பெட்டியைத் திறந்தேன். சூசையப்பர், மாதா, ஒரு காது போன கழுதை, எல்லோரும் பழைய வேட்டித் துணிக்குள் இருந்தார்கள். குழந்தை இயேசு மட்டும் இல்லை. தேடத் தோன்றவில்லை. அவர் அரிசியில்தானே இருப்பார்.

அது என் மனைவி அமலியின் பழக்கம். கிறிஸ்துமஸ் வரை குடிலில் தீவனத்தொட்டி காலியாகக் கிடக்க வேண்டும். அதுவரை குழந்தையை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைப்பாள். உலைக்கு அளக்கும்போது கையில் தட்டுப்பட்டால், "இன்னும் நாள் இருக்கு, தூங்குங்க" என்பாள். என் பங்கு, குடிலுக்கு வாய்க்கால் மண் எடுத்து வருவது. வருடம் தவறாமல் வழுக்கி விழுவதும் அதில் சேர்த்தி.

இருபத்து நாலு வருடம் முன்பு, நகக்கண்ணில் அந்த மண்ணோடுதான் அவளைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். திருவருகைக் காலத்தில் வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம்; அது ரோஸ் மெழுகுவர்த்தி ஏற்றும் மூன்றாம் வாரம். பெண் குழந்தை. அழவேயில்லை.

மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. பீய்ச்சிக் கொட்டச் சொன்னார் நர்ஸ். பக்கத்துக் கட்டில் ஒரு நாகூர்ப் பெண்ணுடையது. ஜன்னி கண்டு அவளை வேறு வார்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அவள் பெற்ற பையன் அவளுடைய அக்கா மடியில் கிடந்து வீறிட்டான்.

"பவுடர் பாலத் துப்புறான்மா."

அமலி கையை நீட்டினாள். நான், "வேணாம், உன்னால தாங்க முடியாது" என்றேன். தாங்க முடியாதது எனக்குத்தான்.

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

வராந்தாவில் நின்றேன். உள்ளே அழுகை நின்றது. பிறகு அந்த அக்காவின் குரல்: "இவன் இனி ஒங்களுக்குப் பால்புள்ள. நாளைக்கு ஒங்களுக்கு மக பொறந்தா இவனுக்குக் கட்டக் கூடாது, சொல்லிட்டேன். அண்ணன் தங்கச்சி."

"பொறக்கட்டும்க்கா. வேற மாப்பிள்ள பாத்துக்கறோம்."

அமலி சிரித்தாள். நாளைக்கு என்று ஒன்று இருப்பதாக எங்களிடம் பேசிய முதல் ஆள் அந்த அக்கா.

பங்குச்சாமியார் வந்து, ஆண்டவர் திட்டம் நமக்குப் புரியாது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமலிதான் சொன்னாள்: "திட்டமான்னு தெரியாது சாமி. பால் வீணாப் போவல."

மகள் பிறக்கவில்லை. அந்தப் பால்புள்ள இத்ரீஸ்தான் கிறிஸ்துமஸ்தோறும் நாகூர் அல்வாவோடு வந்து, "அம்மா, பசிக்குது" என்று வாசலிலேயே குரல் கொடுப்பான். இப்போது ஷார்ஜாவில் இருக்கிறான்.

போன வருடம் இரண்டாம் மெழுகுவர்த்தி வாரத்தில் அமலி போனாள். காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். பாதிக் குடிலை அக்கம்பக்கத்தார் கலைத்துப் பெட்டியில் கட்டினார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக் கன்னியாஸ்திரியிடம் டிரம்மை அரிசியோடு கொடுத்துவிட்டேன். ஒற்றை ஆளுக்கு எதற்கு அவ்வளவு. மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இன்றைக்குத்தான் உறைக்கிறது. அத்தனை பிள்ளைகளுக்கு உலை வைக்கிற அடுப்படியில், ஏதோ ஒரு காலை, அளக்கிற கையில் அவர் தட்டுப்பட்டிருப்பார்.

போன் போட்டுக் கேட்கலாம். எண்ணை எடுத்தேன், வைத்துவிட்டேன். வீணாப் போயிருக்காது என்று அமலி சொல்லியிருப்பாள். நானே சொல்லிப் பார்த்தேன். அவள் சொன்ன மாதிரி வரவில்லை.

டிரம் இருந்த மூலையில் வட்டமாக ஒரு தடம். அதன் மேல் என் ஐந்து கிலோ பொட்டலம். சாயங்காலம் உலைக்கு அளக்கும்போது, தெரிந்தே, அடிவரை கையை விட்டுத் துழாவினேன். அரிசி மட்டும்தான் இருந்தது.