அக்கா பெயரில் நான் எழுதிய மன்னிப்பு

இடைக்கால இங்கிலாந்தில் திருச்சபையை எதிர்த்துப் பேசியவர்களை என்னென்ன சொல்லித் திட்டினார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. கொடைக்கானலுக்கு மேலே பூண்டு விளைகிற ஊரில் பிறந்தவனுக்கு இது தேவையா என்று கேட்காதவர் இல்லை. 'லொல்லார்டு' என்றால் வாய்க்குள் முணுமுணுப்பவன் என்பார்கள். அது எதிரிகள் வைத்த பட்டம். திட்டு வாங்கியவர்கள் தங்களை 'மெய்யான மனிதர்கள்' என்று சொல்லிக்கொண்டார்கள். இதை விளக்கிக் கருத்தரங்குகளில் கண்கலங்கியிருக்கிறேன். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முதல் ஆளாகப் போயிருக்கிறேன்.

போன திருவிழாவில், கணவனை இழந்த என் அக்கா வீட்டில் வளர்த்த முளைப்பாரியைத் தானே தலையில் தூக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். எங்கள் ஊரில் சுமங்கலிகள்தான் தூக்கலாம். ஊர்ப் பெரியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் பட்டம் வைக்கத் தெரியும்: அடங்காப்பிடாரி, ஊரைக் கெடுக்க வந்தவள். மன்னிப்பு எழுதி அம்மன் முன்னால் வாசிக்காவிட்டால் அவள் கோயில் வாசலை மிதிக்கக் கூடாது, எங்கள் வீட்டுக்கு இனித் திருநீறும் கிடையாது என்றார்கள். எழுதும் பொறுப்பு படித்தவனான எனக்கு வந்தது.

கூச்சமில்லாமல் சொல்கிறேன், ஆசையாக எழுதினேன். அந்தக் காலத்தில் பிடிபட்ட லொல்லார்டுகள் கொடுத்த மன்னிப்புப் பத்திரங்களை வருஷக்கணக்கில் படித்தவன் அல்லவா? அதே நடையில் அக்கா சொல்வதாக எழுதினேன்: 'பிழையான எண்ணத்தை முழு மனதோடு, யார் வற்புறுத்தலும் இன்றி விட்டொழிக்கிறேன். இனி இப்படி எண்ணும் எவரைக் கண்டாலும் ஊருக்குக் காட்டிக்கொடுப்பேன்.' அந்தக் கடைசி வரியைப் பெரியவர்கள் கேட்கவே இல்லை. பழைய பத்திரங்களில் இருக்கிறதே என்று நானாகச் சேர்த்தேன். நான் வாசித்துக் காட்டியதும் சொக்கிப்போனார்கள். ஒருவர் எனக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.

அக்கா பூண்டுக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள்.

"நீ படிக்கிற அந்த ஊருல இதையெல்லாம் யாரு எழுதுவாங்க?"

திருச்சபையின் குமாஸ்தாக்கள் என்றேன். பிடிபட்டவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது, வாசித்துக் காட்டியதும் அடியில் சிலுவைக் குறி போடுவார்கள் என்று விளக்கமும் சொன்னேன்.

"ஏலே, எனக்கு வாசிக்கத் தெரியும்," என்று காகிதத்தை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "போ, எனக்குச் சோலி கெடக்கு."

எங்கள் வீட்டுக்குத் திருநீறு நின்றுபோனது. அக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. எனக்குத்தான் வெட்கம், இன்னும் தீரவில்லை. ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் குமாஸ்தாக்களைக் கிழித்திருக்கிறேன். அவர்களில் ஒருவன் பெயரும் கிடைக்கவில்லையே என்று அதில் வருத்தப்பட்டிருந்தேன். அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டேன்.