சேற்றில் நடந்த நாரை

என் மகளுக்கும் உங்கள் வயதுதான் இருக்கும். ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் போட்டோ கண்காட்சி வைத்தார்கள். நம் ஊரில் வாழும் உயிர் ஏதாவது ஒன்றைப் பிள்ளைகளே படம் எடுத்துத் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும். இவள் எல்லார் முன்னாலும் எழுந்து, நாரை கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை விடவில்லையாம். "ஒங்கப்பா போன்ல எடுத்தா நாரை எள்ளு மாதிரில்லா தெரியும்" என்று சிரித்திருக்கிறாள். மகள் அழவில்லை. ஆனால் ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் லோடு ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு குளத்துக்குப் போனேன். பங்குனி மாதம். தண்ணீர் வற்றி நடுவில் கிடந்தது, சுற்றிலும் காய்ந்தும் காயாமலும் சேறு. நாரைகள் தண்ணீரோரம் நின்றன. மகள் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கி எடுத்தாள். பார்த்தால் பல்பொடி சிந்தியதுபோல வெள்ளைப் பொட்டுகள். நாங்கள் பைய ஓரடி வைத்தால் அவை நாலடி தள்ளிப் போயின.

வெயில் சாயும்வரை இருந்து பார்த்தோம். கடைசியில் நாரைகள் மொத்தமாக எழும்பி மணிமுத்தாறு மலைப் பக்கம் பறந்துவிட்டன. மகள் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சேற்றில் மாட்டிய செருப்பைப் பிடுங்கக் குனிந்தேன்.

நாரை நடந்த தடம்! மத்தியானமும் அந்த இடத்தைத் தாண்டித்தான் போயிருந்தோம். உச்சிவெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது வெயில் பக்கவாட்டில் விழ, ஒவ்வொரு தடத்திலும் நிழல் மை ஊற்றியதுபோல நிரம்பியிருந்தது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர்வரைக்கும் போயிருந்தன. ஓரிடத்தில் நின்று அலகால் குத்திய குழிகூட இருந்தது.

"ஏட்டி, மேல பாக்காத. கீழ பாரு!"

பார்த்தாள். சுடிதாரைப் பற்றிக் கவலைப்படாமல் சேற்றில் குப்புறப் படுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேற்கே மேய்ந்த எருமைகள் வீடு திரும்பின. நேராக அந்தத் தடத்தை நோக்கித்தான் வருகின்றன. பின்னால் கம்போடு ஒரு பெரியவர்.

"அண்ணாச்சி, கொஞ்சம் பிடிங்க! பிள்ள படம் எடுக்கா!"

"எருமைக்கு பிரேக்கா இருக்கு? சேத்துல என்னத்தவே எடுக்கீரு?"

"நாரை, அண்ணாச்சி!"

"நாரை அங்கன பறந்து போவுது வே!"

நான் இரண்டு கையையும் விரித்து எருமைகளுக்கு முன்னால் போய் நின்றேன். முதல் எருமை என் சட்டையை முகர்ந்தது.

"யப்பா, ஒங்க நெழலு விழுது! தள்ளுங்க!"

எருமையையும் மறிக்க வேண்டும், நிழலும் விழக்கூடாது. நண்டுபோல அங்கேயும் இங்கேயும் நகர்ந்தேன். பெரியவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. சிரித்துக்கொண்டே ஓடிவந்து கம்பைக் குறுக்கே நீட்டி முன் எருமையை நிறுத்திக் கொடுத்தார்.

"எடுத்தாச்சு!"

கம்பை எடுத்ததும் எருமைகள் மிதித்துக்கொண்டு போயின. ஒரு தடம் மிஞ்சவில்லை. பெரியவர் போனை வாங்கிப் பார்த்தார். "அடேங்கப்பா! காலு மட்டும் தனியா நடந்து போனாப்புலல்லா இருக்கு" என்றார்.

அன்றைக்கே ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டோம்.

மறுநாள் லோடு இறக்கிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்கள் படத்தை வாசலுக்கு நேராக மாட்டியிருந்தார்கள். அதன்முன் ஒரே கூட்டம். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைதான் மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். "இங்கன நின்னுருக்கு பாரு. இங்கன மீன் புடிச்சிருக்கு. எங்க வகுப்புப் பிள்ள எடுத்தது!" அவள் பக்கத்தில் என் மகள், முழங்கையில் சேற்றுத் திட்டு இன்னும் போகாமல், மகாராணிபோல நின்றாள்.

நான் வாசலிலேயே நின்று கைதட்டிவிட்டேன். வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் பலமாகத் தட்டினேன்.