மாவுப்பூச்சியும் மச்சாளின் ஓர்க்கிட்டும்

கொல்லுவது எனக்குப் பிடிக்கும். பயப்பட வேண்டாம், பூச்சிகளைத்தான் சொல்கிறேன். பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து, கரப்பான்களைக் குளோரோபோமில் அமுக்கிப் பிள்ளைகளுக்கு வெட்டக் கொடுத்த கை இது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைக்கு வேலை வேண்டியிருந்தது.

எங்கள் ஊர்ச் சண்டிலிப்பாய் வெயில் ஓர்க்கிட்டுக்கு ஆகாது. அதனால் என்னுடைய பதினொரு சட்டிகளையும் ஹோலுக்குள், வடக்குப் பக்க யன்னலுக்குக் கீழே ஒரு நீள மேசையில் வைத்திருந்தேன். எல்லாம் கண்டியிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவை, எல்லாம் வெள்ளைப் பூ. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், இலையில் படியும் என்று மழைத் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து வைத்துத் தெளிப்பேன். காலையில் கிணற்றடியில் செவ்வரத்தை பறித்துச் சாமிக்கு வைத்துவிட்டு, முதல் நாள் வைத்த பூக்களை எடுத்து அந்தச் சட்டிகளுக்குள் போடுவேன். சாமிக்கு வைத்த பூ காலில் மிதிபடக் கூடாது; சட்டிக்கும் பசளையாகும். இவ்வளவு கரிசனையை நான் எந்த மனிதருக்கும் காட்டியதில்லை.

அந்த மேசையில் இருந்த பன்னிரண்டாவது ஓர்க்கிட் என்னுடையதல்ல, என் தம்பியின் மனைவியுடையது. அவளும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவோம். மகளை ஜேர்மனிக்குக் கட்டிக்கொடுக்கத் தன் சீதன வீட்டை விற்றவள் அவள். தம்பி செத்ததும் போக்கிடம் இல்லாமல் என்னிடம் வந்தாள். இது எனக்குச் சீதனமாக வந்த வீடு. அதை நான் அவளை ஒரு நாளும் மறக்க விட்டதில்லை. வரும்போது கையில் ஒரு சூட்கேசும், தென்னம்மட்டையில் கட்டிய ஒரு ஓர்க்கிட்டும் இருந்தன. வெளிநாடு போவதற்கு முன் மகள் தன் கையால் கட்டிவிட்டுப் போன செடி. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மகள் போனில் கேட்பாள், "அம்மா, என்ரை பூ பூத்திட்டுதே?" நாலு வருடமாக இவளும் "இன்னும் இல்லைப் பிள்ளை" என்று சொல்லி வந்தாள்.

போன வருடம் அது தண்டு விட்டது. "மச்சாள், ஏழு மொட்டு!" என்று ஓடிவந்து சொன்னாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மாதம் என்னுடையவற்றில் ஒரேயொரு சட்டிதான் பூத்திருந்தது.

அந்தக் கிழமைதான் என் செடிகளின் இலையடியில் வெள்ளையாக எதையோ கண்டேன். தெரியாமல் ஆரோ கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், சுண்ணாம்பு என்று நினைத்துத் துடைக்கப் போனேன். விரலில் பிசுபிசுத்தது. மாவுப்பூச்சி.

மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசையடியில் உட்கார்ந்தேன். ஈர்க்கில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, ஒவ்வொன்றாகத் தொட்டேன். தொட்டதும் வெள்ளை கரைந்து உள்ளே இருக்கும் உடம்பு பழுப்பாகும். கால்கள் கொஞ்ச நேரம் அசையும். அசைவு நிற்கும்வரை பார்த்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போவேன். தோட்டக்காரரிடம் புகையிலைக் காம்பு வாங்கி அவித்து அந்தத் தண்ணீரையும் அடித்தேன். வீடு முழுக்க நாறியது. மச்சாள் இருமினாள். நான் யன்னலைத் திறக்கவில்லை.

பத்து நாளில் அவை திரும்பி வந்தன. இந்த முறை மச்சாளின் மட்டைக்குள்ளும் இரண்டு மூன்று இருந்தன. எனக்கு அது போதும்.

"உம்மடை ஊத்தை மட்டையாலைதான் உது வந்தது."

"நான் ஒவ்வொரு நாளும் துடைக்கிறனான், மச்சாள்."

"இடம் குடுத்தால் மடம் பிடுங்கிற கதைதான். இண்டைக்கே கொளுத்த வேணும்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முதல் மொட்டு பாதி விரிந்திருந்தது, ஊதா நிறம். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுங்கோ. பிள்ளைக்கு ஒருக்காக் காட்டிப்போட்டு நானே கொளுத்திறன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அந்த இரண்டு நாளை நான் கொடுத்திருக்கலாம். "நெருப்புப்பெட்டியை எடுத்துக்கொண்டு வாரும்" என்றேன். எடுத்து வந்தாள். வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கத்தில் வைத்துக் கொளுத்தினேன். பச்சைச் செடி லேசில் எரியவில்லை, மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தது. முடியும்வரை அவளை நிற்கவும் வைத்தேன். எனக்கு அப்போது நன்றாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போன் வருவதற்கு முன் என்னிடம் வந்தாள். "உங்கடை பூவை ஒருக்காப் பிள்ளைக்குக் காட்டட்டே?"

"காட்டும். தொடாமல் காட்டும்."

தொடாமல்தான் காட்டினாள். மகள் ஆசையாகப் பார்த்தாள், பிறகு கேட்டாள், "அம்மா, நான் கட்டினது ஊதாவெல்லோ?"

"வயசு போனால் பூவும் நரைக்கும் பிள்ளை" என்றாள் இவள். மகள் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பூவைப் பற்றி அவள் கேட்டதே இல்லை.

மூன்று கிழமை கழித்து என் சட்டிகளில் மறுபடியும் பூச்சி. இப்போது பழி போட மட்டையும் இல்லை. ஒரு காலையில் எறும்புகள் வரிசையாக ஒரு சட்டிக்குள் இறங்குவதைக் கண்டு, குறட்டால் கிளறிப் பார்த்தேன். வாடிய செவ்வரத்தைகள். ஒன்றைத் திருப்பினேன். காம்படியில் பஞ்சு போல அடை அடையாக அப்பியிருந்தது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால், செவ்வரத்தையின் கொப்பெல்லாம் அதே வெள்ளை. நாள் தவறாமல் என் கையாலேயே பறித்து, சாமிக்குக் காட்டி, சட்டி சட்டியாகப் பங்கிட்டிருக்கிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

உள்ளே வந்தபோது மச்சாள் மேசையடியில் நின்றாள். குறட்டில் இருந்த பூவைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை.

"உமக்குத் தெரியுமே?"

"ஓம். மட்டையைக் கொளுத்த முதலே கண்டனான்."

"ஏன் சொல்லேல்லை?"

"சாமிப் பூவைக் குறை சொல்லுறன் எண்டு கோவிச்சால், நான் எங்கை போறது மச்சாள்?"

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அதுதான். எனக்கு வெட்கமாக இருந்தது; வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

"நெருப்புப்பெட்டி எடுத்துக்கொண்டு வரட்டே?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவில்லை. என் பதிலுக்கும் காத்திருக்கவில்லை. குசினியிலிருந்து எடுத்து வந்து, என் வெள்ளைப் பூவுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

பதினொரு சட்டியிலும் பூச்சி இருந்தது. ஒன்றைக்கூட நான் கொளுத்தவில்லை. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஈர்க்கில் பஞ்சைச் சுற்றத் தொடங்கினேன்.