கை வீங்கிய பெருநாள்

ஊசி போட்ட இடம் எவ்வளவு பெரிதாக வீங்குகிறதோ அவ்வளவு நல்லது என்று தரம் ஒன்பது மாணவிகள் நாங்களாகவே முடிவுசெய்திருந்தோம். எதற்கெடுத்தாலும் புள்ளி, எதிலும் முதலாம் இடம் என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு வேறு எப்படித்தான் தோன்றும்?

கண்டியில் எங்கள் பாடசாலையின் முதலுதவிக் குழுவிலிருந்து சிலரைத் தெரிந்தெடுத்து, சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாக ஏற்பாடு. சிறுவர் வார்டில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கலாம், கட்டில் விரிப்பு மடித்துக் கொடுக்கலாம். எனக்கு ராத்திரியில் நித்திரை வராத அளவுக்கு அதில் ஆசை. அதற்கு முன் எல்லோருக்கும் சயரோகச் சோதனை செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். தாதி ஒருவர் பாடசாலைக்கு வந்து, முன்னங்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டு மருந்தை ஏற்றி, அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டார். சொறியக் கூடாது, தேய்க்கக் கூடாது, இரண்டு மூன்று நாளில் வந்து பார்ப்பேன் என்றார்.

இரண்டு நாளில் என் கை வட்டத்தைத் தாண்டி வீங்கிவிட்டது. மற்றவர்களுக்கு நுளம்பு கடித்த தடம்கூட இல்லை. என் பெருமையைக் கேட்கவா வேண்டும்! மடவளையில் எங்கள் வீடு முழுக்கச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு திரிந்தேன். வாப்பாவுக்குக் காட்டினேன், நானாவுக்குக் காட்டினேன். உம்மாதான் கையைப் பிடித்துப் பார்த்து, "யா அல்லாஹ்!" என்று சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டார்.

"ஒருத்தருக்கும் காட்டாத. வெளங்கினதா?"

வாப்பாவின் தம்பியான சாச்சா எங்களோடுதான் இருந்தார். த்ரீவீல் ஓட்டுவார். எதற்கும் ஒரு பகிடி விடாமல் நகராத மனுஷன், அன்றைக்கு என் கையை எட்டிப் பார்த்துவிட்டு நேரே வெளியே போய் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். வெளியே நல்ல மழை பெய்துகொண்டிருந்தது.

மறுநாள் தாதி அடிமட்டம் வைத்து வீக்கத்தை அளந்தார். "நெஞ்சு கிளினிக்ல காட்டிட்டு வாங்க மகள். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்" என்றார். முதலாம் இடம் வந்த பிள்ளையை வகுப்பை விட்டு வெளியே நிறுத்துவதா? பஸ்ஸில் மடவளை வரை அழுதுகொண்டே வந்தேன்.

கிளினிக்குக்கு உம்மாவையும் என்னையும் சாச்சாதான் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. எந்த யன்னலில் இலக்கத் துண்டு எடுப்பது, எக்ஸ்ரே அறை எந்தப் பக்கம், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வாசலில் நின்ற சிங்கள ஊழியர் ஒருவர், "ஆ, நானா! கொஹொமத?" என்று அண்ணன் முறை வைத்து, வாய் நிறையச் சிரித்துச் சுகம் விசாரித்தார். எங்கள் சாச்சாவைத் தெரியாத ஆள் கண்டியிலேயே இல்லை என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

வீட்டில் யாருக்காவது முன்பு இந்த நோய் வந்திருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். அவர் கேட்டு முடிக்கவில்லை, "எங்கட வூட்டுல அப்பிடி ஒண்டும் இல்ல டொக்டர்" என்றார் உம்மா.

நான் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத் திரும்பி வந்தபோது, வெளியே வண்டியோடு நின்ற சாச்சா டொக்டரின் மேசைக்கு முன்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியைக் கூடாத இடத்தில் நிறுத்தி ஏச்சு வாங்குகிறார் போலும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, அந்தக் கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருக்கலாம், ஆனால் நோய் இல்லை, இந்தப் பிள்ளையிடமிருந்து ஒருவருக்கும் தொற்றாது, தாராளமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரக் கடைசியில் ஹஜ்ஜுப் பெருநாள். மாமிமார், அவர்களுடைய பிள்ளைகள் என்று வீடு நிறைந்துவிட்டது. பாய் விரித்து, பெரிய வட்டத் தட்டங்களில் சோற்றைக் குவித்து ஸஹன் வைத்தார்கள். ஒரு ஸஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகக் கை வைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். என் மச்சிமாரோடு போய் இருக்கப் பார்த்தேன். உம்மா என் தோளைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிக்கொண்டு போனார்.

"நீ இங்க ஈரு மகள்."

அலுமாரியின் அடித்தட்டிலிருந்து எடுத்த, நீலக்கரை போட்ட ஒரு பழைய பீங்கானில் எனக்குத் தனியாகச் சோறு. மேலே பொரித்த கோழிக்கால்.

"டொக்டர் ஒண்டுமில்லண்டு சென்னாரே உம்மா?"

"டொக்டர் செல்லுவார். மத்தப் புள்ளகளும் ஈக்கிதே."

ஆஸ்பத்திரிக்கே வரலாம் என்றுவிட்டார்கள், சொந்த வீட்டுப் பாயில் எனக்கு இடமில்லை. மச்சிமார் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் செத்துவிடலாம் போலிருந்தது. கண்ணீர் சோற்றில் விழுந்தது.

ஆண்களின் ஸஹனிலிருந்து சாச்சா எழுந்து வந்தார். பீங்கானைக் குனிந்து பார்த்தார்.

"இது எண்ட பீங்கான்" என்றார். அதை உம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். ஒரு பழைய பீங்கானுக்கு இத்தனை உரிமையா என்று எனக்கு எரிச்சல் வந்தது. அவர் எனக்கு எதிரே சம்மணம் போட்டு இருந்து, "பிஸ்மில்லாஹ்" சொல்லி என் சோற்றில் கை வைத்தார்.

"ரெண்டு கை பட்டா இதுவும் ஸஹன்தான். தின்னு மகள்."

வாப்பா எடுத்த பிடியை வாயில் வைக்காமல் இருந்தார். உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார்.

நான் அடுத்த சனிக்கிழமையே ஆஸ்பத்திரிக்குப் போனேன், கதை வாசித்தேன், அதெல்லாம் நடந்தது. அந்தப் பீங்கானின் கதையை வாப்பா சொன்னது நான் வளர்ந்த பிறகு. நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்பே சாச்சாவுக்குச் சயரோகம் வந்து, மாதக்கணக்கில் குளிசை குடித்துச் சுகமாகியிருக்கிறார். பீங்கானால் தொற்றாது என்று கிளினிக்கில் அன்றைக்கே சொன்னார்களாம். வீட்டில் யார் கேட்டார்கள்? அந்த நாளெல்லாம் அவர் பின்னறையில் தனியாக இருந்து சாப்பிட்டது அந்த நீலக்கரைப் பீங்கானில். எவ்வளவு தடுத்தும் அந்த அறைக்குள் ஓடிப் போய் அவர் மடியில் ஏறிக்கொண்ட பிள்ளை நான்தானாம்.

அன்றைக்கு எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஸஹனில் கிடைத்தது போதாமல் சாச்சா என் கோழிக்காலில் கண் வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அதைச் சட்டென்று என் பக்கம் ஒதுக்கி, இடது கையால் மறைத்துக்கொண்டேன். சாச்சா சிரித்துக்கொண்டு வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.