சகதியில் பன்னிரண்டு கல்

வலது கால் முழங்கால் வரை சகதிக்குள் போயிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அழுகிய சங்குச் சதையைக் கழுவி விட்ட தண்ணீர் தேங்கி உண்டான கறுப்புச் சகதி. விரலிடுக்கில் வெதுவெதுப்பாக ஏதோ நெளிந்தது. சகதியைக் கடக்கப் போட்டிருந்த வரிசையில் ஏழாவது கல்லைப் பிடித்து நின்றேன்.

எங்கள் ஊரில் கிட்டங்கி என்கிற சங்குக் கிடங்கின் வாசலில் சங்கு கழுவிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏலே, ஆறாங்கல்லுல இருந்து வந்தியா, அஞ்சாங்கல்லுல இருந்து தாவுனியா?”

“எதுல இருந்து வந்தா என்னக்கா?”

“ஆறாங்கல்லு ஆடுதுன்னு நேத்தே சொன்னேம்லா. காலேஜுக்குப் போனா காது அடைச்சுப்போகுமோ?”

அவள் சிரித்தது காதில் விழுந்தது. நான் நகரவில்லை. ஆறு அல்லது ஐந்து. ஏழாவது கல்லுக்கு வருகிறவன் வேறு எங்கிருந்தும் வந்திருக்க முடியாது. பதினைந்து நாளாக, கடக்கும் வழிகளைத் தப்பான முனையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

எங்கள் தெருவிலிருந்து பெரிய ரோட்டுக்குப் போக இந்தச் சங்குக் கிட்டங்கியைத் தாண்டியாக வேண்டும். கடலிலிருந்து உயிரோடு வருகிற சங்கை முற்றத்தில் குவித்து, சாக்கால் மூடி, சதை தானாக அழுகிக் கழலும் வரை விட்டுவிடுவார்கள். ஈ மொய்க்கும். சாக்கு சில நேரம் தானாக அசையும். வடக்கே இதைத்தான் வளையலாக அறுத்துப் போட்டுக்கொள்கிறார்களாம். அதை நினைத்தாலே எனக்கு மணிக்கட்டு அரிக்கும். கழுவிய தண்ணீர் முழுக்க எங்கள் பாதையில்தான் வந்து நிற்கும். சுற்றிப் போகலாமென்றால் மீன் சந்தைச் சாக்கடை. அது இதற்கு அண்ணன்.

சகதிக்கு மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கல். பன்னிரண்டாவது ரோட்டோரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்த கல்லில் கால் வைக்கலாம், அல்லது ஒரு கல்லை விட்டுத் தாவலாம். அப்படியானால் மொத்தம் எத்தனை விதமாகக் கடக்கலாம்? மூக்கைப் பிடித்துக்கொண்டு போகையில் புத்திக்கு வேறு வேலை கொடுப்பதற்காக எழுப்பிய கேள்விதான் இது. ஒன்று, இரண்டு என்று தாவல்களை நோட்டில் எழுதி எழுதி எண்ணினேன். ஒரு தடவை இருநூற்று இருபத்தொன்பது வந்தது. மறு தடவை இருநூற்று முப்பத்தாறு.

அன்று சகதிக் காலைக்கூடக் கழுவாமல் உட்கார்ந்து எழுதினேன். ஒரு கல்லுக்கு வரும் வழிகள் என்பது அதற்கு முந்தின இரண்டு கல்லுக்கும் வரும் வழிகளின் கூட்டல், அவ்வளவுதான். முதல் கல்லுக்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு. அப்புறம் மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று தானாகவே ஓடிப் பன்னிரண்டாவது கல்லில் இருநூற்று முப்பத்து மூன்றில் நின்றது. முழங்காலில் சகதி காய்ந்து பொருக்காகியிருந்தது. இரண்டு வாளித் தண்ணீரும் அரைக் கட்டி சோப்பும் போட்டும் வாடை போகவில்லை. அது எப்போதும் போகாது.

மறுநாள் கணக்கு விரிவுரையாளரிடம் நோட்டை நீட்டினேன்.

“கொஞ்சம் தள்ளி நின்னு காட்டுப்பா,” என்றார். வகுப்பில் என் பெஞ்சில் ஒரு மாதமாக நான் மட்டும்தான். “இது எல்லாப் புத்தகத்துலயும் இருக்கிற வரிசைதான். நூறாவது கல்லுன்னா உன் சூத்திரத்துக்குத் தொண்ணூத்தொன்பதையும் கணக்குப் பண்ணணும். நொண்டிச் சூத்திரம். நேரடிச் சூத்திரம் ஒண்ணு இருக்கு, எண்ணைப் போட்டா விடை.”

வர்க்கமூலம் ஐந்தை வைத்துக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

அடுத்த வாரம் ஏழாவது கல்லைக் காணோம். காற்றில் சாக்கு பறக்கிறதென்று கிட்டங்கிக் காவல்கார அண்ணாச்சி அதைத் தூக்கிக் குவியல் மேல் பாரம் வைத்துவிட்டார். புதுத் துறைமுகத்துக்கு நாளெல்லாம் லாரி லாரியாகக் கல் போகிறது. எங்கள் மணல் தெருவில் வேறொரு கல் கிடையாது. ஆறிலிருந்து எட்டுக்குத் தாவும்போது பொறி தட்டியது. ஏழாவது கல்லுக்கு வரும் வழி பூச்சியம். பூச்சியத்தைப் போட்டுவிட்டு, அதே கூட்டலைத் தொடர்ந்தால் எட்டில் பதின்மூன்று, ஒன்பதில் பதின்மூன்று, கடைசியில் அறுபத்தைந்து.

ஓடிப்போய்க் கேட்டேன். “சார், ஏழாவது கல்லு இல்லைன்னா உங்க சூத்திரம் என்ன சொல்லும்?”

“அது ஒண்ணும் சொல்லாது. உன் நொண்டிதான் சொல்லும்,” என்று கைநீட்டி நோட்டை வாங்கிப் பார்த்தார். “நாளைக்கு மறுநாள் கணித மன்றக் கூட்டத்துல பத்து நிமிஷம் தாரேன், மேடையில பேசு,” என்றார். பிறகு, “ஆனா வெளியூர்ல இருந்து ஆள் வாராங்க. கால் சுத்தமா வரணும். புரியுதா?”

புரிந்தது. அவர் சொன்னது நேற்று. கூட்டம் நாளைக்கு.

இன்று சாயங்காலம் திரும்பி வருகையில் எட்டாவது கல்லும் இல்லை. சகதிக்குள் இறங்கித்தான் வீட்டுக்கு வந்தேன். இரண்டு பூச்சியம் அடுத்தடுத்து விழுந்தால் அதற்கப்புறம் எல்லாமே பூச்சியம். எழுதிப் பார்க்கவே தேவையில்லை, எழுதினேன்.

அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். “அந்தா குவியல் மேலதான கெடக்கு. வேணும்னா எடுத்துக்கலே,” என்றார் வாயிலிருந்து பீடியை எடுக்காமலே. கிட்டப் போனேன். கல்லின் அடிப்பக்கம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளை நகர்ந்தது. நீட்டிய கையை இழுத்துக்கொண்டு சுவரோரம் போய் வாந்தியெடுத்தேன். அந்தப் புழுவை என்னால் தொட முடியாது. கூட்டமும் வேண்டாம், மேடையும் வேண்டாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“குவியல்ல நான் கை வச்சா சங்கு களவாண்டேன்னு வேலை போயிரும்லே,” என்றாள், வாசலில் கழுவிக்கொண்டிருந்த அக்கா.

கழுவிவிட்டு உட்கார்ந்து வேறொன்று எழுதினேன். இரண்டு கல்லை விட்டும் தாவலாமென்றால், முந்தின மூன்றையும் கூட்ட வேண்டும். ஆறாவதில் இருபத்து நான்கு, ஏழும் எட்டும் பூச்சியம், ஒன்பதில் இருபத்து நான்கு, பன்னிரண்டில் தொண்ணூற்றாறு. ஆக, தாளில் வழி இருக்கிறது. ஆனால் அத்தனை வழியும் ஆறிலிருந்து ஒன்பதுக்குத் தாவித்தான் ஆக வேண்டும். நாலரை அடி. ஆறாங்கல்லோ ஆடுகிறது.

உடைந்த சங்கு ஓடு இரண்டு மூன்றைக் காலையில் ஆறாங்கல்லுக்கு ஆடாதபடி அண்டை கொடுத்துத் தருவதாக அக்கா சொல்லியிருக்கிறாள். நோட்டை முதலிலேயே அவளிடம் கொடுத்து ரோட்டோரம் நிற்கச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எட்டு மணிக்குத் தாவிப் பார்க்க வேண்டும்.