டில்லிபாபுவின் காலுக்கு ஒரு வேண்டுதல்

கனகம்மாசத்திரத்தில் சென்னை–திருப்பதி சாலையோரம் சுதா ஊற்றும் தோசையின் ஓரம் அவ்வளவு மெல்லிசு. அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் அந்தப் பக்கம் திருத்தணி மலை தெரியும், வெயில் நன்றாக அடித்தால் திருப்பதியே தெரியும் என்று லாரிக்காரர்கள் சத்தியம் பண்ணுவார்கள். பாதியைத் தள்ளிவிடுங்கள். திருத்தணி தெரிவது நிஜம்.

அந்தக் கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அவள் புருஷன் வளவனிடம் வந்து நிற்கும். வளவன் கால்பந்து ஆடிச் சம்பாதிக்கிறவன். நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு சென்னை கிளப்பில் இரண்டாவது கோல்கீப்பர். இரண்டாவது என்றால் என்ன என்று கடைக்கு வருகிறவர்கள் தாங்களே ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மைதானத்தில் இரண்டு கோல் இருக்கிறதல்லவா, ஒன்றில் முதலாமவர் நிற்பார், எதிர்க் கோலில் வளவன் நிற்பான். சுதா இதைத் திருத்தவில்லை. "அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தியாமே, நிக்கறது கஷ்டமா?" என்று ஒருவர் அக்கறையோடு கேட்டபோதுகூட, பழகிப்போச்சு என்று சொல்லி சட்னியை ஊற்றினாள்.

உண்மை வேறு. முதலாமவர் ஆடுவார், இரண்டாமவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். முதலாமவருக்குக் காய்ச்சலோ அடியோ வந்தால்தான் இரண்டாமவர் எழுந்திருக்கலாம். வளவன் எட்டு வருஷமாக, மூன்று கிளப் மாறி, உட்கார்ந்துகொண்டே இருந்தான். அவன் போன இடத்தில் எல்லாம் முதலாமவர்கள் கல்லுக்குண்டு போல இருந்தார்கள்.

திறமை இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். கே.ஜி.கண்டிகையில் சிறுவனாக இருந்தபோது அவன் அம்மா எல்லம்மாள் மாந்தோப்பில் காய் பறிக்கும் கூலிக்குப் போவாள். மேலேயிருந்து விழும் காய் தரையில் பட்டால் அடிபட்டுப்போகும் என்று கீழே நின்று பிடிக்கிற வேலை இவனுக்கு. முதலில் கோணியை விரித்துப் பிடித்தான், பிறகு வெறுங்கையால் பிடித்தான். ஒரு வருஷம் அந்தத் தோப்பில் ஒரு காய்கூட மண்ணைப் பார்க்கவில்லை என்றும், காக்காய்கள் கோபித்துக்கொண்டு ஆந்திராவுக்குப் போய்விட்டன என்றும் எல்லம்மாள் சொல்வாள். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் அந்தக் கைகளைப் பார்த்துத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சுதா எல்லம்மாளின் அண்ணன் மகள். அத்தை மகனான வளவனைப் பாவா என்று கூப்பிட்டே வளர்ந்தவள், கல்யாணத்துக்குப் பிறகும் அதே பாவாதான். ஆட்டம் நடக்கும் நாளில் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துப் பார்ப்பாள். பந்து ஓரத்துக்கு வந்தால் நாற்காலி வரிசை ஒரு நொடி தெரியும். அந்த நொடிக்காக ஒரு தோசை கருகும். "அதோ, அது அவரு முட்டி" என்பாள். சாப்பிடுகிறவர்களும் முட்டியைப் பார்த்துத் தலையாட்டுவார்கள்.

இந்தப் பருவம் கார்த்திகை மழை விட்டதும் தொடங்கியது. கோவா, ஷில்லாங், ஸ்ரீநகர் என்று கிளப் சுற்றியது. ஸ்ரீநகரில் பனியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஆட்டம் முடிந்ததும் வளவனை நாற்காலியோடு சேர்த்துத்தான் தூக்கிக்கொண்டு போனார்களாம். மார்கழியில் கிளப் ஆட்கள் அவனைக் கூப்பிட்டு, அடுத்த பருவத்துக்கு இளம் பிள்ளைகளை எடுக்கப் போகிறோம், உனக்கு இதுதான் கடைசி என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார்கள்.

ஊருக்கு வந்தவன் குழாயடியில் கையுறைகளைத் துவைத்துக்கொண்டிருந்தான். ஆட்டத்தின் மண்ணே படாத கையுறைகள், ஆனாலும் துவைப்பான். சுதா பக்கத்தில் போய் நின்றாள்.

"ஒரே ஒரு ஆட்டம் நின்னுட்டேன்னா போதும் சுதா. அப்புறம் கயட்டி வெச்சிடுவேன்."

அவ்வளவுதான் சொன்னான். அன்றிலிருந்து சுதா மாவு கரைக்கும்போதும் அந்த ஒரு ஆட்டத்தையே எண்ணிக்கொண்டிருந்தாள்.

தைக் கிருத்திகை வந்தது. காவடிக் கூட்டத்தில் இடித்துப் பிடித்துத் திருத்தணி மலையேறியவள், சன்னதியில் நின்று முருகனிடம் காய்கறிச் சந்தையில் பேசுகிற மாதிரி பேரம் பேசினாள். அந்த முதல் கோல்கீப்பர் டில்லிபாபு என்கிறவனுக்குக் காலில் ஒரு சுளுக்கு வரவேண்டும். எலும்புக்கு ஒன்றும் ஆகக்கூடாது, ரத்தம் வரக்கூடாது. ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சுளுக்கு, மறுநாள் அவன் ஓடலாம், ஆடலாம், அதைப் பற்றி அவளுக்கு ஆட்சேபணை இல்லை. பதிலுக்குத் தன் தலைமுடி முழுவதையும் தருகிறேன் என்றாள். சாதாரண முடி அல்ல அது. அவள் பேருந்தில் ஏறின பிறகு பின்னலும் ஏறி முடிக்கட்டும் என்று கண்டக்டர் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

வேண்டிக்கொண்டு வந்த வாரமே வளவன் ஓய்வு நாளில் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒல்லியாக, நெடுநெடுவென்று, நிலைப்படியில் தலை இடிக்கும் என்று தெரிந்தும் இடித்துக்கொண்டு உள்ளே வந்தது. எல்லம்மாளின் காலைத் தொட்டது. வியாசர்பாடிப் பிள்ளை, திருத்தணி பார்த்ததே இல்லை என்றான் வளவன். பெயர் டில்லிபாபு.

சுதாவின் கையில் இருந்த கரண்டி மாவுக்குள் விழுந்தது.

அந்தப் பையன் சாப்பிட்டதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். தோசைக்கல்லே கொஞ்சம் இரு என்று கெஞ்சியது. எல்லம்மாள் எதிரில் உட்கார்ந்து, சாப்புடு நைனா, சாப்புடு நைனா என்று கிளப்பிக்கொண்டிருந்தாள். நடுவில் வளவன் தண்ணீர் எடுக்கப் போனபோது டில்லிபாபு குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, ஆட்டத்துக்கு முன்னாடி எனுக்குக் கை நடுங்கும். யாருக்கும் தெரியாது. அண்ணன்தான் எதுக்க நின்னு பந்து அடிச்சிகினே எதுனா சொல்லி சிரிக்க வெப்பாரு. சிரிச்சா நடுக்கம் போயிடும். அவரு இல்லன்னா நான் எப்பவோ ஓடிப் போயிருப்பேன்."

கடைசி ஆட்டத்துக்கு முதல் நிலை லீக்கிலிருந்து தன்னை எடுக்கலாமா என்று பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்றும் சொன்னான். சுதா இன்னொரு தோசை வைத்தாள்.

அன்று சாயங்காலமே அவள் எல்லம்மாளிடம் போய், பக்கத்து ஊரில் எவளோ ஒருத்தி ஒரு வேண்டுதல் வேண்டிக்கொண்டாளாம், அதைத் திரும்ப வாங்க முடியுமா அத்தை என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் சட்டம் வைத்திருக்கிறவள் எல்லம்மாள். வாயைவிட்டுப் போன வேண்டுதல் திரும்பாது, யாருடைய எந்த அங்கத்துக்கு ஆபத்தோ அதற்கு முன்கூட்டியே வெள்ளியில் உரு வாங்கி உண்டியலில் போட்டுவிட்டால் சாமி அந்த அங்கத்தைத் தொடமாட்டார் என்று தீர்ப்புச் சொன்னாள். அப்புறம், பக்கத்து ஊர்க்காரி பெயர் என்ன என்று கேட்டாள். சுதாவுக்கு அடுப்பில் வேலை வந்துவிட்டது.

மலையடிவாரக் கடையில் கண், கை, கால், தொட்டில் என்று வெள்ளித் தகட்டு உருக்கள் வரிசையாகத் தொங்கின. கால் ஒன்று வேண்டும் என்றாள்.

"எந்தக் காலும்மா? வலதா, இடதா?"

"இன்னும் தெரியல."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "எங்க வலிக்கிதுன்னு கேட்டு வர்லியா?"

"இன்னும் வலிக்கல. ரெண்டுமே குடுங்க."

வலியே வராத காலுக்கு உரு வாங்கினவள் அந்தக் கடையில் அவள் ஒருத்திதான். இரண்டையும் உண்டியலில் போட்டபோது கிணுங்கென்று சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மாசி முழுவதும் அவள் வளவனின் முட்டியைத் தேடவில்லை, டில்லிபாபுவின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தாவினான், உருண்டான், எழுந்தான். கால்கள் இரும்பாக இருந்தன. இன்னொரு பக்கம் ஆட்டங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. வளவன் உட்கார்ந்தே இருந்தான். பங்குனியில் கடைசி ஆட்டம் ஒன்றுதான் மிச்சம், அதுவும் சென்னையில். கிளப் மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது, அந்த ஆட்டத்தில் யாருக்கும் ஒன்றும் இல்லை, வளவன், டில்லிபாபு இரண்டு பேரையும் தவிர.

ஆட்டத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது வளவன் போன் பண்ணினான். பயிற்சியில் டில்லிக்கு அடி என்றான்.

"காலா?"

"கால் இல்ல, வெரலு. வலது கை மோதர வெரலு பெசகிட்ச்சு. நீ ஏன் கால்னு கேட்ட?"

சாம்பார் பொங்குகிறது என்றாள் சுதா. சாம்பார் பொங்கவில்லை. அவள்தான் அடுப்பின் முன்னால் விறைத்து நின்றாள். கால் இரண்டையும் சாமியிடம் ஒப்படைத்தவள் கோல்கீப்பருக்குக் கை என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டாள். பந்து ஆடுகிறவன் என்றால் கால் என்றே அவள் புத்தி ஓடியிருந்தது, எட்டு வருஷம் கையுறை காய்வதைப் பார்த்திருந்தும்.

அந்தப் பக்கம் வளவன் போனை வைக்கவில்லை. கடைசி ஆட்டத்தில் தன்னைத்தான் நிறுத்துகிறார்கள் என்று சொன்னான். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

"நான் அடிச்ச பந்து சுதா. எப்பவும் போலத்தான் அடிச்சேன். அவனப் பாக்க வர்ற ஆளுங்களுக்கு இப்ப நான் இன்னா பதில் சொல்லுவேன்?"

மறுநாள் முதல் பேருந்தில் சுதா திருத்தணிக்குப் போனாள். வெள்ளிக் கை வாங்கலாமா என்று கடை முன்னால் நின்று பார்த்தாள். இந்த முறை தகடு பத்தாது என்று அவளுக்கே பட்டது. முடி காணிக்கை மண்டபத்தில் வரிசையில் நின்றாள். தான் கேட்கப் போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். விரல் சரியாகிவிட்டால் வளவன் மறுபடி உட்காருவான், இந்தத் தடவை என்றைக்குமாக. வரிசை நகர நகர அவள் பின்னால் இருந்தவர்களை முன்னால் போகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் போகச் சொல்ல ஆள் இல்லாமல் போனது. தலையில் தண்ணீர் தெளித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, டில்லியே நிக்கட்டும் என்றாள். பின்னல் மடியில் வந்து விழுந்தபோது அதன் கனம் அவளுக்குப் புதிதாக இருந்தது.

சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு வந்தவளைப் பார்த்து எல்லம்மாள் உருகிப்போனாள். மருமகள் தன் மகன் ஆடுவதற்காக முடி கொடுத்திருக்கிறாள் என்று கண்டிகை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சுதா இதையும் திருத்தவில்லை.

முருகன் இதிலும் அவசரம் காட்டவில்லை. சனிக்கிழமை ஆட்டத்தன்று கடைக்கு விடுமுறை விட்டு, புதிதாகச் சந்தனம் பூசி, திருத்தணியில் ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கி மைதானத்துக்குப் போனபோது, டில்லிபாபு கை விரல் இரண்டைச் சேர்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்து இடத்தைத் துடைத்துக் கொடுத்தான். பார்க்க வந்த ஆட்கள் விரலைப் பார்த்துவிட்டு, அடுத்த பருவம் பார்க்கலாம் தம்பி என்று சொல்லிப் போய்விட்டார்களாம்.

கூட்டம் அதிகம் இல்லை. வளவன் ஓடிவந்து கோலில் நின்றான். அவன் முழு உடம்பும் தெரிகிற ஆட்டத்தை சுதா முதல் தடவையாகப் பார்த்தாள். ஆனால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை. ஆட்டம் தொடங்கின கொஞ்ச நேரத்திலேயே அவள் டில்லிபாபுவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். சுளுக்கு, வெள்ளிக் கால், மறந்துபோன கை, மொட்டை. அவன் தன் கால்களைக் குனிந்து பார்த்தான்.

"ரெண்டு காலுக்கும் வெள்ளி போட்டீங்களா?"

"ஆங்."

"எங்கம்மாகூட எனுக்கு அத்த செஞ்சதில்ல அண்ணி." கட்டுப் போட்ட கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வெரலு போனது அண்ணன் அடிச்ச அடியில. சாமி மேல பழி போடாதீங்க. இப்ப ஆட்டத்தப் பாருங்க, அவருக்குக் கை நடுங்குது."

நடுங்கத்தான் செய்தது. எட்டு வருஷம் காத்திருந்தவனின் கைகளுக்கு நடுவே முதல் பந்து வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. யாரோ ஒருவன் கேலியாகக் கத்தினான். டில்லிபாபு எழுந்து கம்பி வேலியருகே ஓடி, உதட்டில் கை குவித்து ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று சுதாவுக்குக் கேட்கவில்லை. மைதானத்தில் வளவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பந்துகள் எல்லாம் அவனிடம் வந்து பெட்டிப் பாம்பாக அடங்கின. ஒன்றை மட்டும், மேல் கம்பத்துக்குப் போனதை, தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் படுத்தபடியே தட்டிவிட்டான். இரண்டு ஆள் என்பது சுதாவின் கணக்கு. ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது.

விசில் அடித்ததும் முழங்காலில் சேறோடு அவன் நேராகக் கம்பிக்கு வந்தான். அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தான்.

"எனுக்காவா வேண்டிகின?"

"இல்ல பாவா. டில்லிக்கு வெரலு சரியாவணும்னு."

அவன் அதை மனதில் கூட்டிப் பார்த்தான். வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"அப்போ நான் ஆடறதுல உனுக்கு ஆசை இல்லியா?"

"இருந்திச்சு. அந்த ஆசைய விடறதுக்குத்தான் முடிய குடுத்தேன். ஆசை இல்லன்னா ஒரு ரூபா சூடத்தோட முடிச்சிருப்பேன்."

வளவன் கம்பி வழியாகக் கையை நீட்டி, கையுறையோடேயே அவள் தலையில் வைத்தான். பந்து நழுவாமல் ஒட்டிக்கொள்வதற்கென்றே செய்த கையுறை அது. எடுத்தபோது பட்ட இடத்துச் சந்தனம் முழுவதும் அதில் வந்துவிட்டது, அவள் உச்சியில் ஐந்து விரலும் பதிந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. டில்லிபாபு சிரிக்கத் தொடங்கினான். குழுப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். வளவன் ஒரு கை சேறும் ஒரு கை சந்தனமுமாக ஓடிப்போய், பின்வரிசையில் நடுவில் நின்றுகொண்டான்.