மொராக்கின் குழலுக்குள் ஒரு தக்கை

கில்பிரானக் ஊரில் மீனும் உருளைக்கிழங்கும் வறுத்து விற்கும் மொராக் கில்கிறிஸ்ட் அம்மையாருக்குக் கடவுள் கொல்லன் துருத்தியையே நுரையீரலாகக் கொடுத்தார். விரல்களைக் கொடுக்கும்போது சற்றுக் கண்ணயர்ந்துவிட்டார். தோல்பையில் காற்றை நிரப்பி வாசிக்கும் எங்கள் ஊர்ப் பைக்குழல் குழுவில் சேர்ந்த நாள் முதல் அவர் நிலை இதுதான். தோளில் சாய்ந்தபடி ஒரே சுரத்தை இழுக்கும் மூன்று ஒத்துக் குழல்களும் அவர் ஊதினால் இம்மியும் சுருதி பிசகா. கீழே ராகம் வாசிக்கும் குழலிலோ, உற்சாகம் வந்துவிட்டால் அவருடைய விரல்கள் எங்கள் அனைவரையும் விட்டுவிட்டு முன்னே ஓடிவிடும்.

போட்டிக்குக் குறைந்தது ஆறு குழல்காரர்கள் வேண்டும் என்பது விதி. எங்களிடம் இருந்தவர்கள் ஆறே பேர். ஆகவே, குழுத் தலைவர் என்பதால் நாங்கள் ‘மேஜர்’ என்று அழைக்கும் தச்சர் ரேனல்ட் டொனாகி, போட்டி நாளில் மொராக்கின் வாசிப்புக் குழலைக் கழற்றிச் சீவாளிக்கு மேலே ஒரு தக்கையைச் செருகிவிடுவார். ஒத்து மட்டும் ஒலிக்கும். விரல்கள் சும்மா ஆடும். பல குழுக்கள் செய்வதுதான், எவரும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்தக் கோடையில் மொராக் பொங்கிவிட்டார். பெருமுரசு அடிக்கும் நான் உட்பட அனைவர் முன்னிலையிலும் பயிற்சிக்கூடத்தில் கேட்டார்.

“என்ன மேஜரே, இந்த வருஷமும் எனக்கு அடைப்புத்தானா?”

“குழுவோட நல்லதுக்குத்தான், தாயே.”

“பெரிய நல்லது! அடைச்சும் கடைசியாத்தானே வர்றோம்? இந்தத் தடவை தக்கை கிடையாது. இல்லேன்னா நான் கடையில மீன் வறுக்கிறேன், நீங்க அஞ்சு பேரும் போய் வேடிக்கை பாத்துட்டு வாங்க.”

“சரி, சரி. ஊது. யாரு வேணாம்னா?”

டொனாகி அவ்வளவு விரைவில் இறங்கிவந்தபோதே நாங்கள் ஐயுற்றிருக்க வேண்டும்.

போட்டியன்று தூறல். களம் இறங்குவதற்குச் சற்று முன், சுருதி பார்ப்பதாகச் சொல்லி டொனாகி ஒவ்வொருவர் வாத்தியத்தையும் வாங்கினார். மொராக்கினுடையது கடைசியாகத் திரும்பி வந்தது. வட்டமாக நின்று தொடங்கினோம். நடுவர் நனைந்த தாளுடன் எங்கள் முதுகுகளைச் சுற்றி நடந்தார்.

மொராக்கின் முகத்தில் முதலில் மகிழ்ச்சி தெரிந்தது, அடுத்து ஐயம், அப்புறம் வெந்த நண்டின் நிறம். விரல்கள் நின்றன. ஊதுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை.

இறுதிச் சுரத்தில் எல்லாக் குழல்களும் ஒரே நொடியில் அடங்க வேண்டும். ஒரு முனகல் மிஞ்சினாலும் மதிப்பெண் போய்விடும். மொராக் முனகவில்லை, முழங்கினார். ஐவரும் நிறுத்திய பின்பும் அவருடைய ஒத்து மூன்றும், அவர் கண்கள் டொனாகியின் மேல் நிலைத்திருக்க, மைதானமெங்கும் ஒலித்தன. தேநீர்க் கூடாரத்திலிருந்து தலைகள் நீண்டன. நடுவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுத ஒன்றும் மீதமில்லை.

“நிறுத்து தாயே, மானம் போகுது!” என்று பல்லிடுக்கில் கெஞ்சினார் டொனாகி.

மொராக் ஆற அமர ஊதி முடித்தார்.

“தக்கைய எடு, ரேனல்ட். இல்லேன்னா ஒவ்வொரு போட்டியிலயும் இதுதான். எனக்கு மூச்சுக்குப் பஞ்சமில்ல.”

அங்கேயே, அனைவர் கண்முன்னும், டொனாகி குழலைக் கழற்றித் தக்கையைப் பிடுங்கினார். நடுவர் பண்பாளர், வானத்தில் மழை எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த போட்டியில் மொராக் முழுமையாக வாசித்தார். இரண்டாம் பாட்டில் அவர் விரல்கள் ஓடின. மற்ற ஐவரும் துரத்தினர். நான் முரசோடு பின்தங்கினேன். மீண்டும் கடைசி இடம். பேருந்தில் வாத்தியங்களை ஏற்றும்போது டொனாகி உறுமினார்.

“இன்னைக்கு யாரால தோத்தோம்னு தெரியுதா?”

“தெரியாம என்ன? என்னாலதான்!” என்று கையை உயர்த்திக் கூவினார் மொராக்.

வெற்றிக் கோப்பையுடன் பக்கத்தில் நின்றிருந்த குழுவினர் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவரும் மொராக் அளவுக்குப் பூரிப்பாக இல்லை.